பூட்டி வைத்த வட்டம்

காம்பஸ் இல்லாமல் வட்டம் போடுவதால்தான் அவளுக்குக் காம்பஸ் டீச்சர் என்று பெயர் வந்தது. யார் வைத்த பெயர் என்று யாருக்கும் தெரியாது. வைத்தவனுக்கு இந்நேரம் தலை நரைக்கத் தொடங்கியிருக்கும். இருபத்தெட்டு வருஷமாக அதே பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். வகுப்புக்குள் நுழைந்ததும் சாக்பீஸைப் பலகையில் வைத்து, தோளிலிருந்து ஒரே சுழற்று. கோடு தொடங்கிய இடத்திலேயே வந்து முட்டும். முதல் வரிசையிலிருந்து எவனாவது காம்பஸை எடுத்துக்கொண்டு ஓடிவந்து அளந்து பார்ப்பான், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பிப் போவான். இதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே, வேறு எதில்தான் அவள் கர்வப்பட்டிருக்கிறாள்?

அந்த வருஷம் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது எந்த வகுப்பிலும் கரும்பலகை இல்லை. அது இருந்த இடத்தில் அலமாரிக் கதவு அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திரை. ஸ்மார்ட் போர்டு என்றார்கள். விற்ற கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து மூன்று மணி நேரம் பயிற்சி கொடுத்தார். நல்ல மனிதர்தான், மூச்சு விடாமல் பேசினார். "விரலாலயே எழுதலாம் மேடம், இப்ப பாருங்க" என்று உருளைக்கிழங்கு மாதிரி ஒரு வட்டத்தைக் கிறுக்கினார். போர்டு ஒரு கணம் யோசித்தது. உருளைக்கிழங்கு உருண்டு திரண்டு அப்பழுக்கில்லாத வட்டமாக நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். காம்பஸ் டீச்சரும் தட்டினாள். அதற்குப் பிறகும் அவர் வெகுநேரம் பேசினார். எழுதியதை எங்கே சேர்த்து வைப்பது, எப்படித் திரும்ப எடுப்பது என்றெல்லாம் சொன்னார். ஒன்றும் அவள் காதில் ஏறவில்லை. அவள் மனம் அந்த உருளைக்கிழங்கிலேயே நின்றுவிட்டது.

வட்டம் போனால் போகட்டும், எழுத்தாவது எழுதுவோம் என்று போனால், அங்கேயும் போர்டு அவளுக்குத் தண்ணி காட்டியது. கரும்பலகையில் எழுதிப் பழகியவர்கள் உள்ளங்கையின் ஓரத்தைப் பலகையில் ஊன்றிக்கொண்டுதான் எழுதுவார்கள். அந்தப் பிடிமானம் இருந்தால்தான் வரி கோணாது. இந்தப் போர்டு இருக்கிறதே, இதற்கு விரல் பட்டால் எழுது என்று அர்த்தம், உள்ளங்கை பட்டால் அழி என்று அர்த்தம். மேல் வரியில் ஒரு எண்ணைத் திருத்திவிட்டுப் பார்த்தால், கீழே இருந்த இரண்டு வரியை அவள் கையே துடைத்திருக்கும். வகுப்பை அடக்க விரல் முட்டியால் பலகையில் இரண்டு தட்டு தட்டுவது அவளுடைய இன்னொரு பழக்கம். இங்கே தட்டினால் பக்கமே பறந்துபோய் வேறு ஏதோ வந்து நின்றது. பிள்ளைகள் சிரித்தார்கள். காம்பஸ் டீச்சரின் வகுப்பில் பிள்ளைகள் அவளைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

இதெல்லாம் மானப் பிரச்சினையோடு போயிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பாள். ஆனால் பருவம் பாதி போனபோது பிரின்சிபால் ஒரு சுற்றறிக்கை அனுப்பினாள். ஒவ்வொரு ஆசிரியரும் போர்டை வைத்து ஒரு வகுப்பு நடத்திக் காட்ட வேண்டும். நிர்வாகத்திலிருந்து மேற்பார்வையாளர் வந்து உட்கார்ந்து பார்ப்பார். தேறாதவர்கள் ஊருக்கு வெளியே இருக்கும் கிளைப் பள்ளிக்கு மாற்றப்படுவார்கள். அந்தக் கிளைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், போக ஒன்றரை மணி நேரம். அவ்வளவு தூரம் அவளால் போய் வர முடியாது.

ஏனென்றால் வீட்டில் டிரைவர் இருந்தார். டிரைவர் என்றால் அவள் கணவர்தான். ஓடுகிற காலத்தில் பஸ் ஓட்டியவர், சாலையில் எவனுக்கும் வழி விடாதவர். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவள் சொன்ன எதற்கும் ஒரு தடவைகூடச் சரி என்று சொல்லாதவர். மூன்று வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்து பேச்சும் போனது. கடைசியில் வாயில் மிஞ்சியது அந்த ஒரே சொல். பசிக்கிறதா என்றால் சரி. வலிக்கிறதா என்றால் சரி. மின்விசிறி நின்றுபோனால் அதற்கும் சரி.

"இப்பவாவது வழிக்கு வந்தீங்களே" என்று அவள் கேலி செய்வாள்.

"சரி" என்பார்.

பேச்சுதான் போனது, காதும் புத்தியும் முழுசாக இருந்தன. காலையில் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, இடப்பக்கம் சாய்த்துவிட்டு எட்டரைக்குக் கிளம்புவாள். பள்ளிக்கூடம் ஐந்து நிமிஷ நடை. ஒரு மணிக்கு ஓடிவந்து புரட்டிப் போட்டு, துணி மாற்றி, மசித்த சாப்பாட்டை ஊட்டிவிட்டு ஒன்று ஐம்பது மணி அடிப்பதற்குள் திரும்பிவிடுவாள். ஒரு நாள் தவறியது கிடையாது. உதவிக்கு வைத்த இரண்டு பேரும் கனமான ஆளைத் தூக்க முடியாது என்று ஒரு மாதத்துக்குள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்கள். வேலையை விட்டுவிட்டால் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் எங்கே போவது? ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அந்த இரண்டு வருஷமும் அவளுடைய மத்தியான நேரத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

வேறு ஊரில் இருக்கும் மகள் போனில் சொன்னாள்: "அம்மா, அந்த ஹோம்லயே அப்பாவை விட்டுடலாம்மா. நீ எத்தனை நாளைக்கு இப்படி ஓடுவே? உனக்கும் வயசாகுது."

"ஒருதடவை விட்டோமேடி, பாத்தே இல்ல?"

"அது எட்டு நாள்தானேம்மா."

எட்டு நாள்தான். போன வருஷம் கோடை விடுமுறையில் டீச்சருக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தபோது வேறு வழியில்லாமல் அந்த முதியோர் இல்லத்தில் விட்டாள். அங்கே இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, ஆள் போதவில்லை, அவ்வளவுதான். திரும்பி வந்தபோது அவர் முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். அதைவிட அவளைக் கலக்கியது வேறு. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவர் வாயிலிருந்து அந்தச் சரிகூட வரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். இனி உங்களை எங்கேயும் விட மாட்டேன் என்று அவர் தலையில் அடித்து அவள் சத்தியம் செய்த பிறகு, மூன்றாம் நாள் காலையில்தான் வாய் திறந்தார்.

அதனால் அவள் பயிற்சி செய்தாள். படுக்கையறைக் கண்ணாடி முழுக்க முகப்பவுடரைத் தடவி அதில் விரலால் எழுதினாள். உள்ளங்கை பட்டால் பவுடர் கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். கையை அந்தரத்தில் தூக்கிக்கொண்டே எழுதினால் பத்து நிமிஷத்தில் தோள்பட்டை கழன்றுவிடும் போல வலிக்கும். ஐம்பத்தாறு வயசில் எழுத்துப் பழகும் தன் மனைவியைக் கட்டிலிலிருந்து டிரைவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்குங்க என் கையெழுத்து?"

"சரி."

"பொய் சொல்லாதீங்க. கோழி கிளறின மாதிரி இருக்கு."

"சரி."

மூன்று வாரம் ஆனது. கை தாழாமல் எழுதப் பழகிவிட்டாள். ஆனால் வேகம் வரவில்லை. ஒரு வட்டம், அதில் ஒரு விட்டம், ஒரு முக்கோணம், நான்கு வரி நிரூபணம், இதற்கே முக்கால் மணி நேரம் பிடித்தது. வகுப்போ நாற்பது நிமிஷம். அவளுடைய முறை வெள்ளிக்கிழமை முதல் பீரியட் என்று பட்டியல் ஒட்டிவிட்டார்கள்.

புதன்கிழமை மாடிப்படியில் இயற்பியல் சாரை மடக்கினாள். அவளைவிட நாலைந்து வயசு இளையவர், போர்டில் கெட்டிக்காரர், எப்போதும் எங்கேயோ ஓடிக்கொண்டிருப்பவர்.

"தம்பி, எனக்கு எழுதி முடிக்கவே நேரம் பத்தாது. என்ன பண்றது?"

"அங்க நின்னு ஏன்க்கா எழுதறீங்க? முன்னாடியே ரெடி பண்ணி வச்சுக்கங்க. நாங்க எல்லாரும் அப்படித்தான் பண்றோம். வந்து நின்னு விளக்கினா போதும்" என்று சொல்லிக்கொண்டே இரண்டு படி தாவிப் போய்விட்டார்.

அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. இவ்வளவுதானா? இது அவள் காலமெல்லாம் செய்த வேலை. மறுநாள் பெரிய பாடம் இருந்தால் முந்தின நாள் சாயங்காலமே பலகை நிறைய எழுதிவிட்டு, மூலையில் ஒரு கட்டம் போட்டு 'அழிக்க வேண்டாம்' என்று எழுதி வைப்பார்கள். எந்த ஆசிரியரும் அந்தக் கட்டத்தை மீற மாட்டார். கழற்றிய கரும்பலகைகளை மாடிப்படிக்குக் கீழே அடுக்கி வைத்திருந்தார்கள். இறங்கும்போது கண்ணில் பட்டது, கடைசி வேலைநாளில் அவள் எழுதிய கணக்கு தேதியோடு அப்படியே இருந்தது. மாதக்கணக்கில் யாரும் தொடவில்லை, அதனால் அழியவில்லை. எழுத்து என்றால் அதுதானே என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை பிள்ளைகள் போனதும் மகளின் பழைய தோழியை ஒரு மணி நேரம் வீட்டில் உட்காரச் சொல்லிக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டு, நான்கரைக்கு வகுப்பில் நுழைந்தாள். யாரும் இல்லாத அறையில் கை சொன்னபடி கேட்டது. வட்டத்தைத் தோளிலிருந்து ஒரே சுழற்றாகப் போட்டாள். போர்டு அதைத் திருத்த ஒன்றும் இருக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டது. அவளுக்கு அற்பச் சந்தோஷம். அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்று தலைப்பு எழுதி, நான்கு வரியையும் நான்கு நிறத்தில் எழுதினாள். ஒரு இடத்திலும் உள்ளங்கை படவில்லை. கடைசியில் வலப்பக்க மூலையில் கட்டம் போட்டாள். 'அழிக்க வேண்டாம்' என்று எழுதினாள். கதவைப் பூட்டிச் சாவியைக் காவலாளியிடம் கொடுத்தாள்.

"அண்ணே, நாளைக்குக் காலைல நான் வர்ற வரைக்கும் அந்த ரூமைத் திறக்கவே கூடாது. பெருக்கவும் வேண்டாம். எனக்கு வாழ்வா சாவான்னு இருக்கு."

"நீங்க போங்க டீச்சரம்மா. ஒரு ஈ உள்ளே போகாது" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை எட்டே முக்காலுக்கு வந்தாள். பூட்டு பூட்டியபடியே தொங்கியது. திறந்தால் திரை கறுப்பாக இருந்தது. தூங்குகிறது போலிருக்கிறது என்று பொத்தானை அழுத்தினாள். விளக்கு எரிந்தது, கம்பெனிப் பெயர் வந்தது, பெயர் போனது. வெள்ளை. அவள் மூலையைப் பார்த்தாள். கட்டம் இல்லை. அறை மாறி வந்துவிட்டோமோ என்று வெளியே போய்க் கதவில் இருந்த எண்ணைப் படித்துவிட்டு மறுபடி உள்ளே வந்தாள். வெள்ளைதான்.

காவலாளியை ஓடிப்போய்ப் பிடித்தாள். அந்த மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. "என் பிள்ளைங்க மேல சத்தியம் டீச்சரம்மா. பெருக்கற அம்மா வந்து நின்னாங்க, அவங்களைக்கூடத் திருப்பி அனுப்பிட்டேன். வழக்கம்போல ஆறு மணிக்கு மெயின் சுவிட்சை அணைச்சேன், அவ்வளவுதான். போர்டு வந்ததுலேருந்து தினமும் அணைக்கச் சொல்லித்தானே உத்தரவு?"

வராந்தாவில் வந்துகொண்டிருந்த இயற்பியல் சார் நின்றார். "சேவ் பண்ணலையாக்கா?"

"பூட்டிட்டுப் போனேன் தம்பி" என்றாள் அவள்.

அவருக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். மணி அடித்துவிட்டது.

மேற்பார்வையாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார், பக்கத்தில் பிரின்சிபால். மடியில் ஒரு படிவம். நாற்பது பிள்ளைகள் அவளைப் பார்த்தார்கள். அவள் விரலை எடுத்துத் திரையில் வைத்தாள். வட்டம் வந்தது. விட்டம் வந்தது. முக்கோணத்தின் உச்சிக்குப் பெயர் எழுத வேண்டியிருந்தது. ஊன்றிக்கொள்ள இடம் தேடி உள்ளங்கை தானாகப் போய்த் திரையில் உட்கார்ந்தது. பாதி வட்டம் காணாமல் போனது. மறுபடி போட்டாள், இந்தத் தடவை விட்டம் போனது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பழக்க தோஷம், முட்டியால் இரண்டு தட்டு தட்டினாள். திரை பறந்துபோய் ஒரு பெரிய தட்டச்சுப் பலகை வந்து நின்றது. அதை எப்படி விரட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. சாக்பீஸ் வைக்கும் விளிம்பைக் கை தேடியது. வெறும் சுவர்தான் இருந்தது.

டிரைவரை இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்துவிட்டு வந்திருக்கிறேன், ஒரு மணிக்குப் புரட்ட வேண்டும். இது மட்டும்தான் அவள் தலைக்குள் ஓடியது. சட்டென்று போர்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள்.

"நோட்டை எடுங்க. எல்லாரும் ஒரு வட்டம் போடுங்க. சின்னதோ பெரிசோ, உங்க இஷ்டம்."

பிறகு நடந்ததற்குப் போர்டு தேவைப்படவில்லை. பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே வாயாலேயே பாடத்தை நடத்தினாள். விட்டத்தின் இரண்டு முனையையும் வட்டத்தின் மேல் இஷ்டப்பட்ட ஒரு புள்ளியோடு சேர்க்கச் சொன்னாள். கோணத்தை அளக்கச் சொன்னாள். நாற்பது பேர் நாற்பது இடத்தில் புள்ளி வைத்திருந்தார்கள், நாற்பது பேருக்கும் தொண்ணூறு வந்தது. பக்கத்து நோட்டை எட்டிப் பார்த்து ஒருவருக்கொருவர் மலைத்துப் போனார்கள். ஏன் அப்படி வருகிறது என்று அவள் கேட்டாள். சிரித்த பின்வரிசையிலிருந்தே ஒரு பெண் எழுந்து பாதி நிரூபணத்தைச் சொன்னாள், மீதியை வகுப்பு சொன்னது. மணி அடித்தபோது யாரும் எழுந்திருக்கவில்லை.

பிரின்சிபால் அறையில் மேற்பார்வையாளர் படிவத்தை நீட்டினார். பத்து கேள்விகள், பத்தும் போர்டைப் பற்றி. ஒன்பதுக்குப் பூஜ்யம்.

"உண்மையைச் சொல்றேன் டீச்சர், வகுப்பு ரொம்ப நல்லா இருந்துச்சு. என் பிள்ளை இப்படி ஒரு வகுப்புல உக்காரணும்னு தோணுச்சு. ஆனா அதை எழுதறதுக்கு இந்தப் படிவத்துல இடமில்லை."

அவர் போன பிறகு அவள் பிரின்சிபாலின் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மேடம், இன்னொரு வாரம் கொடுங்க. அழியாம எழுதக் கத்துக்கிட்டேன். சேவ் பண்றதையும் கத்துக்கறேன். உங்களுக்கே தெரியும், அவருக்கு மத்தியானம் நான் போயே ஆகணும்."

பிரின்சிபால் கல்நெஞ்சக்காரி இல்லை. நேராகப் பார்க்க முடியாமல் பேனாவைத் திறந்து திறந்து மூடினாள். "பட்டியல் இன்னைக்கே மேல போகுது டீச்சர். என் கையில ஒண்ணும் இல்லை. திங்கக்கிழமை அங்க சேரணும்." கொஞ்சம் பொறுத்து, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "அங்க இன்னும் கரும்பலகைதான். உங்களுக்கு வசதியா இருக்கும்" என்றாள்.

ஒரு மணிக்கு வழக்கம்போல வீட்டுக்கு வந்தாள். கை கழுவினாள். அவரை வலப்பக்கம் புரட்டி, முதுகில் பழைய புண்ணின் தழும்பைத் தடவிப் பார்த்து, துணி மாற்றி, தலையணையை நிமிர்த்தி உட்கார வைத்தாள். கண்ணாடியில் நேற்றைய பவுடர் அப்படியே இருந்தது. அவள் ஊட்டத் தொடங்கினாள்.

"வகுப்பு நடந்துச்சுங்க."

"சரி."

"எழுதினது எல்லாம் போயிடுச்சு. பூட்டி வச்சா இருக்கும்னு நெனச்சேன், மடச்சி."

"சரி."

"அப்புறம் வாயாலயே நடத்தினேன். பசங்க நல்லா கேட்டாங்க."

"சரி."

"திங்கக்கிழமைலேருந்து அந்தக் கிளைக்குப் போகச் சொல்லிட்டாங்க. ஏழு மணிக்கே கிளம்பினா இருட்டற நேரத்துலதான் வருவேன். மத்தியானம் வர முடியாதுங்க."

"சரி" என்றார். இந்தத் தடவை கொஞ்சம் தாமதமாக வந்தது.

அவள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள், மறுபடி எடுத்தாள். அதில் இருந்ததைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ரெண்டு வருஷம்தான். அதுவரைக்கும் உங்களை அந்த ஹோம்ல... இப்ப ஆள் நிறைய இருக்காங்களாம். ஞாயிற்றுக்கிழமை தவறாம வந்துடுவேன். வேற வழி எனக்குத் தெரியலைங்க. சரியா?"

அவர் வாயை மூடிக்கொண்டார்.

அவள் காத்திருந்தாள். மூன்று வருஷமாக ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்டுச் சலித்த சொல். அது இல்லாமல் வீடு எப்படி இருக்கும் என்று அவளுக்கு மறந்தே போயிருந்தது. கரண்டியை உதட்டருகே கொண்டுபோனாள். உதடு திறக்கவில்லை. நல்லாயிருந்த இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். தள்ளவில்லை, சும்மா பிடித்துக்கொண்டிருந்தார்.

"சரின்னு சொல்லுங்க" என்றாள். "ஒரே ஒரு தடவை சொல்லிடுங்க. நான் எப்படிப் போவேன்?"

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார், கையை மட்டும் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒன்று ஐம்பது மணி அடித்தது. இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் அதை வீட்டில் உட்கார்ந்து கேட்டாள்.